இலக்கியம்பட்டியைக் கடக்கும்போது

திங்கட்கிழமை காலையில் கம்பைநல்லூரிலிருந்து தர்மபுரிக்குப் போகும் பேருந்தில், மடியில் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்துக்கொண்டு நான்கைந்து பேராவது உட்கார்ந்திருப்பார்கள். உறைக்குள் மனு இருக்கும். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தெருக்குழாயில் வராத தண்ணீர் என்று ஆளுக்கொரு குறை. ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர்க்கும் நாளுக்குப் போகிறவர்கள் அவர்கள். தர்மபுரிப் பேருந்து நிலையத்தில் இறங்கி, சேலம் சாலையில் போகும் வண்டியில் மாறி ஏறினால் சில நிமிடங்களில் இலக்கியம்பட்டி வந்துவிடும். தன் பெயரிலேயே இலக்கியத்தை வைத்திருக்கிற ஊர் தமிழ்நாட்டில் வேறு எங்காவது இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்ததில்லை. அந்தப் பெயரை ரசிக்கும் மனநிலை எனக்கு 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் தேதியோடு போய்விட்டது.

சென்ற முறை என் அக்கா மகனை ஒரு சான்றிதழ் விஷயமாக அழைத்துக்கொண்டு அந்த வழியே போனேன். கல்லூரியில் படிக்கிறவன். வண்டி இலக்கியம்பட்டியைக் கடக்கும்போது நான் வழக்கம்போல வெளியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஏன் மாமா அங்கயே பாக்கறீங்க?"

"இங்கதான் பஸ்ஸக் கொளுத்தினாங்க."

அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. மூன்று மாணவிகள் எரிந்து இறந்ததைச் சொன்னேன். எதற்காகக் கொளுத்தினார்கள் என்று கேட்டான். ஒரு வழக்கில் தீர்ப்பு வந்தது என்றேன். என்ன வழக்கு என்றான். கொடைக்கானலில் ஒரு ஓட்டல் கட்டிய வழக்கு என்றேன். நான் ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து என் முகத்தைப் பார்த்தான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. காரணத்தையும் விளைவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். 'பிளசன்ட் ஸ்டே' வழக்கு என்று அப்போது நாளிதழ்களில் தினமும் அடிபட்ட பெயர் அது. மலைப்பகுதியில் இத்தனை தளங்களுக்கு மேல் கட்டக் கூடாது என்று விதி இருக்க, கொடைக்கானலில் ஒரு விடுதி ஏழு தளங்களை எழுப்பியது. அதற்கு 1994-இல் அரசு விலக்கு அளித்தது. பழனி மலையைக் காக்க நின்ற ஓர் அமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. விலக்கு செல்லாது என்றாயிற்று. பின்னர் அது ஊழல் வழக்காகவும் ஆனது. அந்த வழக்கில்தான் 2000 பிப்ரவரி 2 அன்று சென்னைத் தனி நீதிமன்றம் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஓராண்டு என்றால், மேல்முறையீடு செய்துகொண்டு வெளியிலேயே இருக்கக்கூடிய தண்டனை. அவர் அந்த வழக்கில் ஒரு நாள்கூட அந்தத் தண்டனையை அனுபவிக்கவில்லை. 2001 டிசம்பர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்துவிட்டது.

ஆனால் தீர்ப்பு வந்த அன்று பிற்பகலில், கல்விச் சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பேருந்து ஒன்று இலக்கியம்பட்டி மறியலில் சிக்கி நின்றது. உள்ளே மாணவிகள். பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார்கள். பின்பக்கம் இருந்தவர்களால் வெளியே வர முடியவில்லை.

*

அன்று மாலை கம்பைநல்லூரில் கடைகளைச் சாத்திவிட்டார்கள். தர்மபுரிப் பக்கமிருந்து பேருந்து எதுவும் வரவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் பெரியப்பாவுக்காகக் காத்திருந்தோம். அவர் காலையில் தர்மபுரிக்குப் போயிருந்தார். அவர் அந்தக் கட்சிக்காரர் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கிய 1972-லிருந்தே உறுப்பினர். பதவி எதுவும் வகித்ததில்லை. கட்சியால் ஒரு சல்லிக்காசு சம்பாதித்ததும் இல்லை. திண்ணைச் சுவரில் இரண்டு படங்கள் உண்டு, ஒன்று எம்.ஜி.ஆர்., மற்றொன்று அம்மா. அன்று இரவு வெகுநேரம் கழித்து யாருடைய இருசக்கர வண்டியிலோ தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். சாப்பிடவில்லை. நாங்களும் எதுவும் கேட்கவில்லை. அவர் மறியலில் நின்றாரா, தள்ளி நின்று பார்த்தாரா, அல்லது சந்தைக்குப் போய்விட்டு வழியில் மாட்டிக்கொண்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்டதில்லை. இந்தக் கட்டுரையை எழுத எனக்குள்ள தகுதிக் குறைவு இது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

வழக்கு நடந்த விதத்தை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. அன்று இன்னும் பிரிக்கப்படாமல் தர்மபுரி மாவட்டத்தில் இருந்த கிருஷ்ணகிரியில் விசாரணை நடந்தது. இதற்கிடையில் 2001-இல் ஆட்சி மாறியது. யாருக்காகக் கொளுத்தினார்களோ அவருடைய கட்சியே அரசாக, அதாவது வழக்கை நடத்த வேண்டிய தரப்பாக, வந்து அமர்ந்தது. சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகப் பிறழ்ந்தார்கள். இறந்த மாணவி ஒருவரின் தந்தை உயர் நீதிமன்றத்தின் படியேறினார். இப்படியே போனால் வழக்கில் ஒன்றும் மிஞ்சாது, வேறு இடத்தில் புதிதாக விசாரியுங்கள் என்பதே அவர் வேண்டியது. உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டு வழக்கைச் சேலத்துக்கு மாற்றி முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னது. 2007 பிப்ரவரியில் சேலம் நீதிமன்றம் மூவருக்குத் தூக்கும் மேலும் 25 பேருக்குச் சிறையும் விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றமும், 2010 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தூக்கை உறுதிசெய்தன. 2016 மார்ச்சில், மறுசீராய்வில், கூட்டத்தின் வெறியில் செய்த செயல், திட்டமிட்ட கொலை அல்ல என்று கருதி உச்ச நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டிக் கைதிகளை விடுவிக்கும் திட்டத்தில், அந்த மூவரும் வேலூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். ஆளுநர் ஒருமுறை திருப்பி அனுப்பிய கோப்பு அது. அமைச்சரவை மீண்டும் அனுப்பியது.

தூக்கு ரத்தானதில் எனக்கு வருத்தமில்லை. அரசு கயிற்றைக் கையில் எடுப்பதை எந்த வழக்கிலும் என்னால் ஏற்க முடிந்ததில்லை. உறுத்துவது விடுதலைக்குச் சொல்லப்பட்ட சந்தர்ப்பம். ஒரு கட்சியின் தலைவருக்காக எரித்தவர்களை, அதே கட்சியின் இன்னொரு தலைவருடைய பிறந்தநாளைக் காரணமாக்கி, அதே கட்சியின் அரசு விடுவிக்கிறது. சட்டப்பிரிவு சரியாகத்தான் இருந்திருக்கும். அரசியல் சாசனத்தின் 161-ஆவது பிரிவு அந்த அதிகாரத்தை அளிக்கிறது. ஆனாலும் இலக்கியம்பட்டியில் நின்று பார்க்கிறவனுக்கு அது ஒரு குடும்பம் தன் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டதைப் போலத்தான் தெரிந்தது.

உச்ச நீதிமன்றத்தின் 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் சுற்றி நின்றவர்களைப் பற்றிய ஒரு பகுதி வரும். கடைகள் இருந்த, ஆட்கள் நடமாடிய, காவலர்கள் இருந்த இடம் அது. எவரும் காப்பாற்ற முன்வரவில்லை என்று நீதிபதிகள் வேதனையோடு எழுதினார்கள். தீ வைத்தவர்களைவிட இந்தச் சுற்றி நின்றவர்களைப் பற்றியே நான் அதிகம் யோசித்திருக்கிறேன். காரணம் எளிது. நானும் அந்த வகையைச் சேர்ந்தவன்.

*

'மக்களுக்கு அரசியல்வாதிகள் மீது நம்பிக்கை போய்விட்டது' என்ற வாக்கியத்தை நாம் வாரத்துக்கு ஒரு தலையங்கத்திலாவது படிக்கிறோம். நண்பர்கள் கூடுகிற இடத்தில், தேநீர் ஆறும் முன்பே, யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார். எனக்கு அது உண்மையென்று தோன்றவில்லை. கம்பைநல்லூரில் பிறந்து வளர்ந்தவனாகச் சொல்கிறேன், இங்கே குறைந்திருப்பது நம்பிக்கை என்றால் மிகுந்திருப்பது வேறொன்று. அதற்கு விசுவாசம் என்று பெயர். இரண்டையும் ஒரே பொருளில் புழங்கிப் புழங்கி நாம் வேறுபாட்டை மறந்துவிட்டோம்.

நம்பி ஒருவரிடம் நகையைக் கொடுத்து வைத்தால் திரும்பக் கேட்க முடியும். எடை பார்க்க முடியும். குறைந்தால் சண்டையிட முடியும். நம்பிக்கைக்குள்ளேயே கணக்குக் கேட்கும் உரிமை ஒளிந்திருக்கிறது. விசுவாசத்தில் அது கிடையாது. அங்கே கணக்குக் கேட்பதே துரோகம். ஆகவே ஒரு தலைவர் சட்டத்தை மீறினார் என்று நீதிமன்றம் சொல்லும்போது, நம்பியவனுக்குத் தலைவர் மேல் கோபம் வர வேண்டும், விசுவாசிக்கு நீதிமன்றத்தின் மேல் கோபம் வரும். இலக்கியம்பட்டியில் எரிந்தது இந்த இரண்டாவது கோபம். நீதிபதி சென்னையில் இருந்தார், கைக்கு எட்டவில்லை. பேருந்து எட்டியது.

இந்த விசுவாசம் பாமரர்களின் அறியாமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. அது ஓர் அறம், தன்னளவில் மிகப் பழைய அறம். எங்கள் ஆயா ஒரு சட்டமன்றத் தேர்தலின்போது வீட்டுக்கு வந்த பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் வழக்கமாகப் போடும் சின்னம் வேறு. வாங்கினால் வாங்கிக்கொள், ஓட்டை உன் இஷ்டத்துக்குப் போடு என்று நான் அறிவாளித்தனமாகச் சொன்னேன்.

"அது எப்படி சாமி? கை நீட்டி வாங்கிட்டு மாத்திப் போட்டா அந்தப் பாவம் யாரைச் சேரும்?"

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லிக்கொடுக்கப்பட்ட தலைமுறை அது. பணம் கொடுத்தவன் சட்டத்தை மீறியவன், அவனுக்கு உறுத்தல் இல்லை. வாங்கியவளுக்கு இருந்தது, அதுவும் வாங்கியதற்காக அல்ல, வாக்குத் தவறிவிடுவோமோ என்பதற்காக. தேர்தல் ஆணையம் 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் ஆர்.கே. நகரிலும் பணப்பட்டுவாடாவைக் காரணம் காட்டித் தேர்தலையே நிறுத்த வேண்டியிருந்தது. பணம் கொடுப்பவர்கள் மக்களின் பேராசையை நம்பிக் கொடுப்பதாக நாம் எழுதுகிறோம். அவர்கள் நம்புவது மக்களின் நேர்மையை என்பதை என் ஆயாவிடம்தான் கற்றேன். வாங்கியவர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறவர்களாக இருந்தால் அந்த வணிகம் ஒரே தேர்தலோடு முடிந்திருக்கும்.

எங்கள் மாவட்டம் நடுகற்களின் நிலம். தகடூர் என்ற பழம்பெயர் கொண்ட இந்தப் பகுதியில் புளியமரத்தடியிலும் வரப்போரத்திலும் ஏரிக்கரையிலும் அவை நிற்கும். ஆநிரை மீட்கப் போய் அம்பு தைத்து இறந்தவர்களுக்கும், புலியோடு பொருதி இறந்தவர்களுக்கும் ஊர் எடுத்த கற்கள். தமிழ்நாட்டின் வேறு பகுதிகளில் அரசனுக்காகத் தன் தலையைத் தானே அரிந்துகொண்டவர்களின் சிற்பங்களையும் பார்த்திருக்கிறேன். தலைவனுக்காக உயிர்விடுவது மேலானது என்ற எண்ணம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்த மண்ணில் கல்லாகவே நிற்கிறது. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் சொத்துக்குவிப்பு வழக்கின் தீர்ப்பு வந்தபோது தீக்குளித்தவர்களின் செய்திகளைப் படிக்கையில் எனக்கு இந்தக் கற்கள்தான் நினைவுக்கு வந்தன. ஆனால் நடுகல்லில் நிற்பவன் கொடுத்தது தன் உயிரை. ஒரு தலைவருக்கான விசுவாசத்தை அடுத்தவர் வீட்டுப் பிள்ளையின் உயிரால் செலுத்துவதற்கு இந்தக் கற்களிடையே முன்மாதிரி இல்லை.

தீ என்றால் நமக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமல் போகாது. கழகங்கள் இரண்டும் மேடைதோறும் கண்ணகியைப் போற்றியவை. மதுரை எரிந்த காட்சியில் நாம் கவனிக்கத் தவறும் இரண்டு செய்திகள் உண்டு. தன் தீர்ப்பு தவறு என்று தெரிந்த நொடியில் பாண்டியன் தன்னைத் தானே குற்றவாளியாக அறிவித்து அரியணையிலேயே விழுந்து இறக்கிறான். எவரும் மறியல் செய்யவில்லை. அடுத்து, அத்தனை சினத்திலும் கண்ணகி தீயிடம் யாரையெல்லாம் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறாள். முதியவர்களும் குழந்தைகளும் பெண்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அநீதி இழைக்கப்பட்ட ஒரு பெண்ணின் தீக்கே அந்த அளவு விவேகம் இருந்தது. (ஜெயலலிதா பிளசன்ட் ஸ்டே வழக்கில் விடுதலையான அதே 2001 டிசம்பரில்தான் மெரினாவிலிருந்த கண்ணகி சிலை அகற்றப்பட்டது. லாரி மோதியது காரணம் என்றார்கள். 2006-இல் ஆட்சி மாறியபின் திரும்ப வந்தது. இதற்கு உட்பொருள் எதுவும் கற்பிக்க நான் விரும்பவில்லை, மாதம் ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.)

*

சட்டத்தை மீறியதாகக் குற்றம் சாட்டப்படும் ஒவ்வொரு தலைவரும் சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு. மக்கள் மன்றத்தில் சந்திப்போம் என்பார்கள். மன்றம் என்ற சொல்லை எவ்வளவு சாமர்த்தியமாகப் பிடித்திருக்கிறார்கள் என்று வியப்பேன். நீதிமன்றத்துக்கு மேல் ஒரு மன்றம் இருக்கிறது, அங்கே சாட்சி வேண்டாம், குறுக்கு விசாரணை வேண்டாம், வாக்குப் பெட்டியே தீர்ப்பு.

இந்த வாதம் அதன் உச்சத்துக்குப் போய்ச் சோதிக்கப்பட்டது 2001-இல். டான்சி நில வழக்கில் 2000 அக்டோபரில் ஜெயலலிதாவுக்கு மூன்றாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அதனால் தேர்தலில் நான்கு தொகுதிகளில் அவர் அளித்த வேட்புமனுக்கள் தள்ளுபடியாயின. அந்த நான்கில் கிருஷ்ணகிரியும் ஒன்று. அவர் போட்டியிடாமலே அவருடைய கட்சி வென்றது. 2001 மே 14 அன்று ஆளுநர் பாத்திமா பீவி அவருக்கு முதல்வராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக இருந்தவர் அந்த ஆளுநர் என்பது இந்தக் கதையில் எனக்கு இன்றும் விளங்காத கண்ணி. செப்டம்பர் 21 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த நியமனத்தை ரத்து செய்தது. மக்களின் விருப்பம் என்பது அரசியல் சாசனத்துக்கு உட்பட்டே வெளிப்பட முடியும், அதை மீறிய விருப்பம் என்று ஒன்று கிடையாது என்பது தீர்ப்பின் சாரம். மக்கள் மன்றம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை நம் பாடப்புத்தகங்களில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

டான்சி வழக்கின் முடிவு இன்னும் யோசிக்கத்தக்கது. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதிசெய்தது. குற்றமாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அதே தீர்ப்பு, நிலத்தைத் திருப்பிக் கொடுத்து மனசாட்சிக்குப் பதில் சொல்லும்படி அவருக்கு எடுத்துரைத்தது. சட்டத்தின் கை எட்டாத ஓர் இடம் இருக்கிறது, அங்கே வேறொன்று தொடங்க வேண்டும் என்று ஒரு நீதிமன்றமே சொல்ல நேர்ந்தது. அந்த வேறொன்று பொதுமக்களின் நம்பிக்கையாக இருந்திருக்கலாம், கணக்குக் கேட்கிற நம்பிக்கை. நாம் விடுதலை என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டு வெடி வெடித்தோம்.

தண்டனை பெற்ற உறுப்பினர் மேல்முறையீட்டைக் காட்டிப் பதவியில் தொடரலாம் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இருந்த பிரிவை 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. லில்லி தாமஸ் வழக்கு. அடுத்த ஆண்டே பெங்களூர்த் தீர்ப்பில் அதன் முழுக் கனமும் விழுந்தது. நான்காண்டுச் சிறை, 100 கோடி ரூபாய் அபராதம், முதல்வர் பதவி இழப்பு. புதிய அமைச்சரவை கண்ணீரோடு பதவியேற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தபோது அவர் உயிரோடு இல்லை. மற்ற மூவரும் சிறை சென்றார்கள். வழக்கு 1996-இல் தொடங்கியது. இருபது ஆண்டுகளுக்கு மேல். இத்தனை நீண்ட காலத்தில் குற்றம், நிரபராதம் ஆகிய சொற்கள் மக்கள் மனத்தில் பொருள் இழந்து, வெற்றி தோல்வி என்ற கணக்காக மட்டும் மிஞ்சுவதில் வியப்பில்லை. நீதிமன்றங்களின் மேல் எனக்குள்ள குறை இதுதான். சாமானியனிடம் தீர்ப்புக்குக் காத்திரு என்று சொல்கிறவர்கள் அவன் ஆயுளுக்குள் தீர்ப்பைக் கொடுக்க வேண்டும்.

ஒரு கட்சியை மட்டும் குறிவைத்து எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2007 மே 9 அன்று மதுரையில் தினகரன் அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். அங்கும் இறந்தவர்கள் மூவர், வேலைக்கு வந்தவர்கள். ஒரு கருத்துக்கணிப்பில் தி.மு.க. தலைவரின் வாரிசு யார் என்று வந்த எண்ணிக்கை பிடிக்காததே காரணம். அங்கும் சாட்சிகள் பிறழ்ந்தார்கள். 2009-இல் அனைவரும் விடுதலையானார்கள். பத்தாண்டு கழித்து, 2019-இல், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தர்மபுரிக்கும் மதுரைக்கும் கொடி வேறு, கோஷம் வேறு, நடந்த விதம் ஒன்றே. இன்னும் அண்மையில், ஓர் ஆட்சியில் போக்குவரத்துத் துறை அமைச்சராக இருந்தபோது வேலைக்குப் பணம் வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட செந்தில் பாலாஜி, அந்தக் குற்றச்சாட்டை உரக்கச் சொன்ன கட்சியிலேயே பின்னர் அமைச்சரானார், 2023-இல் கைதானார், 2024 செப்டம்பரில் பிணையில் வந்த சில நாட்களில் மீண்டும் அமைச்சரானார், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் கண்டிப்புக்குப் பின் விலகினார். வழக்கு இன்னும் தீரவில்லை, ஆகவே அவர் குற்றவாளியா என்பது என் பேச்சல்ல. மேடையில் அவரைக் குற்றவாளி என்று கேட்டுக் கைதட்டியவர்கள், அடுத்த மேடையில் அவருக்கே கைதட்டினார்களே, அந்தக் கைகளைப் பற்றித்தான் யோசிக்கிறேன். உலகத்துக்கும் நாம் விதிவிலக்கல்ல. அமெரிக்காவில் 2024 மே மாதம் 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று நடுவர் குழு சொன்ன ஒருவரை அதே ஆண்டு நவம்பரில் அதிபராகத் தேர்ந்தெடுத்தார்கள். தீர்ப்பு வந்த பின் அவருக்கு நன்கொடை குவிந்தது.

*

பெரியப்பாவின் தரப்பையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாவேன்.

தர்மபுரி, சேலம் மாவட்டங்களில் பெண் குழந்தை பிறந்தால் என்ன நடந்தது என்பதை இங்கே வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கள்ளிப்பால் என்ற சொல் எங்களுக்கு இலக்கியத்தில் வந்த சொல் அல்ல. 1992-இல் ஜெயலலிதா சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். 2001-இல் மீண்டும் ஆட்சிக்கு வந்ததும் அதைத் தர்மபுரிக்கும் விரித்தார். அந்தத் திட்டத்தைப் பற்றி விமர்சனங்கள் உண்டு, குழந்தையைக் கைவிடுவதற்கு அரசே வழி செய்கிறது என்றார்கள். ஆனால் தொட்டிலில் விடப்பட்ட குழந்தை உயிரோடு இருக்கிறது. பெரியப்பா அந்தப் படத்தைச் சுவரில் மாட்டியதற்கு அது போதுமான காரணமாக இருந்தது. அதற்கு முன் 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, அவருடைய பிள்ளைகள் பள்ளிக்குப் போனதே அதனால்தான். மேலும், பேருந்தை எரிக்கச் சொல்லி ஜெயலலிதா உத்தரவிட்டார் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

அரசு தன் கடமையைச் செய்ததற்கு நன்றிக்கடன் எதற்கு என்று என்னைப் போன்றவர்கள் கேட்போம். அதற்கு முன்பு எந்த அரசும் அந்தக் கடமையைச் செய்து பார்த்திராதவர்களிடம் கேட்கிறோம் என்பதை மறந்துவிடுவோம். பெரியப்பாவுக்கு அரசு என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. தாசில்தார் இருந்தார், கிராம நிர்வாக அலுவலர் இருந்தார், இருவரிடமும் காத்து நிற்க வேண்டும். பிறகு ஒருநாள் சோறு வந்தது, வேட்டி சேலை வந்தது, அவை ஒரு முகத்தோடு வந்தன. அந்த முகத்துக்குக் குற்றப்பத்திரிகை கொடுத்தபோது அவருக்குச் சோற்றுக்கே குற்றப்பத்திரிகை கொடுத்ததாகப் பட்டது. முகமில்லாமல் ஒரு திட்டத்தைக்கூடக் கொடுக்கத் தெரியாத அரசியல், பைக்கும் பாட்டிலுக்கும் படம் ஒட்டிய அரசியல், இதை நன்றாகவே அறிந்திருந்தது.

2018 நவம்பரில் மூவர் விடுதலையான செய்தி வந்த மாலை நான் கம்பைநல்லூரில் இருந்தேன். பெரியப்பா தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கியிருந்தார், காது சரியாகக் கேட்காது, சத்தத்தைக் கூட்டித்தான் வைப்பார். சிறை வாசலைக் காட்டினார்கள். அவர் ரிமோட்டை எடுத்து அணைத்தார். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அந்தப் புள்ளைங்க இருந்திருந்தா இப்ப என்ன வயசு இருக்கும்பா?"

முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது இருக்கும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். "புள்ளைகுட்டிங்க இருந்திருக்கும்" என்றார். பதினெட்டு ஆண்டுகளாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி என் வாய்வரை வந்தது. அவர் எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

படங்கள் இரண்டும் சுவரில் இருந்தன. அடுத்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலுக்கு அவரைப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்கு வண்டியில் அழைத்துப் போனவன் நான்தான். எந்தச் சின்னத்துக்குப் போட்டார் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.